வலப்பக்கத்துக் கட்டில்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் மணலியில் டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு திருவொற்றியூரில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். இன்றைக்கு லாரியும் இல்லை, அதை ஓட்டும் கண்ணும் இல்லை. அது போனதற்கு அழுது முடித்தாகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் என்னைக் கூசவைப்பது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது அக்கி. வலது நெற்றியில் தொடங்கி, தலைமுடிக்குள் வரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, நெருப்புத் துண்டை வைத்ததுபோல் எரிந்தது. எங்கள் பக்கத்தில் அக்கிக்கு யாரும் டாக்டரிடம் போகமாட்டார்கள். மூலக்கொத்தளம் பக்கம் பானை செய்கிற ஒருவர் இருந்தார். காலையில் வெறும் வயிற்றோடு போய் அவர் முன்னால் உட்கார வேண்டும். செங்காவியைக் குழைத்து, கோழி இறகில் தொட்டு, கொப்புளங்களைச் சுற்றி ஏதோ உருவம் எழுதுவார். நானும் போய் எழுதிக்கொண்டேன். நெற்றியில் காவியோடு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சிரித்துவிட்டாள். ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் அவள். ஆனாலும் மறுநாளிலிருந்து அவள்தான் கூட வந்தாள், அவள்தான் பத்தியச் சாப்பாடு போட்டாள். அக்கி காய்ந்தது. காய்ந்த இடத்தில் தழும்பு நின்றது.

சில வாரம் கழித்து வலது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் கூசியது. கண்ணுக்கு முன்னால் கொசு பறப்பதுபோல் கறுப்புப் புள்ளிகள். மற்ற ஊரில் இப்படி வந்தால் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். மணலியில் ஓடமாட்டோம். அங்கே யாருக்குத்தான் கண் எரியவில்லை? உரக் கம்பெனிப் பக்கம் காற்று அடித்தால் தெருவே கண்ணைக் கசக்கும். கேஸ் பட்டிருக்கும் என்று நானே முடிவு கட்டி, மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி சொன்னபோதெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எண்ணூர் நெடுஞ்சாலையில், மீன் ஏற்றிப்போகும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை இடித்தேன். பெரிய அடி இல்லை. வண்டி கவிழ்ந்து, ஐஸ் கட்டிகளும் மீனும் ரோட்டில் சிதறின. ஓட்டியவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் இறங்கிப்போய் அவரைத் திட்டினேன். கண்ணு பொட்டையா, வலப்பக்கத்திலிருந்து நடுவில் வந்து விழுகிறாயே என்று கத்தினேன். அவர் நேராகத்தான் வந்ததாகச் சொன்னார். நான் விடவில்லை. என் சத்தத்துக்கு அவர் அடங்கிப்போய் மீனைப் பொறுக்க ஆரம்பித்தார்.

இதை வீட்டில் பெருமையாகத்தான் சொன்னேன். மறுநாள் காலையில் என் மனைவி சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். இன்றைக்கு நீ வண்டி எடுத்தால் நான் டயருக்கு முன்னால் உட்காருவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள். வேறு வழியில்லாமல் சர்க்கார் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். இடது கண்ணைக் கையால் மூடச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து தன் விரலை மெல்ல உள்ளே கொண்டுவந்தார். விரல் தெரிந்ததும் சொல்லுங்கள் என்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன். இன்னும் விரலை எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். விரல் அவர் மூக்குக்குப் பக்கத்தில் திடீரென்று முளைத்தபோதுதான், இத்தனை நேரமும் அது அங்கே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது என்று புரிந்தது. மீன்பாடி வண்டிக்காரர் ஞாபகம் வந்தது. அவர் நேராகத்தான் வந்திருக்கிறார். பொட்டைக் கண் என்னுடையது.

அதன்பின் படுக்க வைத்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு கண்ணுக்குள் பார்த்தார். மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம். பிறகு, சமீபத்தில் உடம்புக்கு ஏதாவது வந்ததா, அம்மை, கொப்புளம், அந்த மாதிரி என்று கேட்டார். இல்லை என்றேன்.

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். அந்தக் காலத்தில் லாரி ஸ்டாண்டுகளுக்கு ஆட்கள் வந்து எய்ட்ஸ் பற்றிப் படம் போட்டுக் காட்டுவார்கள், நாடகம் போடுவார்கள். அதில் ஒருவர், வயசாவதற்கு முந்தியே அக்கி வந்தால்கூட ரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது என்று சொன்னது என் காதில் அப்படியே நின்றுவிட்டது. நான் தப்புத்தண்டாவுக்குப் போகாதவன். ஆனால் லாரிக்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால்தான் தழும்பு தெரியாமல் முடியை முன்னால் இழுத்து வாரிக்கொண்டு போயிருந்தேன். டாக்டரம்மாவின் விரல் அந்த முடியை ஒதுக்கியது. இது என்ன என்றார். லாரிக் கதவு இடித்துவிட்டது என்றேன்.

"அக்கி, டாக்டர். காவி வெச்சி எழுதினோம்" என்றாள் என் மனைவி.

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. டாக்டரம்மாவோ, அப்பாடா என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். அக்கியைக் கொடுத்த அதே வைரஸ் கண்ணின் பின்பக்கத் திரைக்குப் போயிருக்கிறது. ஓரத்திலிருந்து திரையை அரித்துக்கொண்டு நடுவுக்கு வருகிறது. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் வேறு எதையாவது நினைத்து வேறு மருந்து கொடுத்திருப்போம் என்றார். வலது கண்ணுக்கு உத்தரவாதம் தர முடியாது, ஆனால் உடனே மருந்து ஏற்றாவிட்டால் இடது கண்ணுக்கும் தாவும், இன்றே வார்டில் சேர வேண்டும் என்றும் சொன்னார். கடைசியாக, ரத்தப் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும், எதிர்ப்புச் சக்தி எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் வைத்தியத்தை எவ்வளவு நாள் இழுப்பது என்று முடிவு செய்ய முடியும் என்றார். எய்ட்ஸ் பரிசோதனை என்று பெயரைச் சொல்லியே கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். லாரி ஓட்டுகிறவன் என்றால் அவ்வளவுதானா என்று கத்தினேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாடீ போகலாம் என்றேன். கண்ணே போனாலும் சரி, அந்தப் பெயர் என்மேல் ஒட்டக் கூடாது. அதுதான் அப்போது என் புத்தி.

என் மனைவி எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மாவின் மேஜைமேல் தன் கையை நீட்டி வைத்தாள். "எனக்கும் சேத்து எடுங்க டாக்டர். ரெண்டு பேர்தும் ஒண்ணா வரட்டும்" என்றாள். அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நான் உட்கார்ந்தேன்.

வார்டில் எனக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின கட்டில். அதற்கும் அந்தப் பக்கம், சுவரோரமாக ஒரே ஒரு கட்டில். எனக்கு வலப்பக்கம் என்பதால் அதில் ஆள் இருக்கிறார் என்பதே முதலில் எனக்குத் தெரியாது. "இன்னா நைனா, புச்சா?" என்று குரல் வந்த பிறகுதான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பது வயசு இருக்கும். எலும்பும் தோலுமான உடம்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், காசிமேட்டுப் பக்கம் வீடு. ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் கிழிந்த வலை வழியாகப் பார்ப்பதுபோல் துண்டு துண்டாகத் தெரியும் என்றார். உனக்குக் கண்ணில் கிருமி, எனக்கும் கண்ணில் கிருமி, ஜாதி மட்டும் வேறே என்று சிரித்தார். அவருக்கு வாரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள். அதைக் கேட்டாலே நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அவரோ, ஊசியைப் பார்க்கிற கண் இருந்தால்தானே பயம் என்பார்.

எனக்கு டிரிப்ஸில் மருந்து ஏறியது. இந்த மருந்துக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் மறந்துவிடுவேன். அவர் மறக்கமாட்டார். "நைனா, தண்ணி குட்ச்சியா?" என்று சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். டாக்டரம்மா தினமும் என் இடது கண்ணைப் பார்த்துவிட்டுப் போனதும், இன்னா சொன்னாங்க, சுத்தமாக் கீதா என்று கேட்பார். என் கண்ணைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் கவலை அதிகம் இருந்ததோ என்று பின்னால் யோசித்திருக்கிறேன்.

பதிலுக்கு நான் செய்தது ஒன்றுதான். காலையிலும் மாலையிலும் அவரைக் கையைப் பிடித்துப் பாத்ரூமுக்கு அழைத்துப்போவேன். கட்டிலைவிட்டு இறங்கி நின்று கையை நீட்டுவார். நான் பிடித்துக்கொள்வேன். வராந்தாவில் நடக்கும்போது, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரைக் கண், இதில் நீதான் டிரைவர் என்று கிண்டல் செய்வார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என் மனைவி கொண்டுவரும் சாப்பாட்டில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும். மீன் குழம்பு வந்தால் வாசனையை வைத்தே என்ன மீன் என்று சொல்லிவிடுவார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குச் சில நாள் ஆனது. அந்த நாட்களில் நான் நானாக இல்லை. அவரிடம்தான் புலம்பித் தீர்த்தேன். கண்டவளிடம் போகிறவனுக்கு வருகிற வியாதிக்கு என்னைச் சோதிக்கிறார்களே என்பேன். அந்த மாதிரி ஆட்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும், நம்மோடு சேர்த்துப் படுக்க வைத்தால் நமக்கும் ஒட்டாதா என்பேன். இதையெல்லாம் அவருடைய கட்டிலில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். அவர் உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறை, "வந்தவன் வாணும்னா வாங்கினு வந்தான் நைனா?" என்றார். அதுவும் கோபமாக இல்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை.

ஒருநாள் மதியம் முடிவு வந்தது. எனக்கும் இல்லை, என் மனைவிக்கும் இல்லை. டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: வலது கண்ணில் அழற்சி அடங்குகிறது, ஆனால் திரை கிழிந்துகொண்டு வருகிறது, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், இடது கண்ணில் வைரஸ் இல்லை, அது தப்பித்துவிட்டது. இந்தச் செய்திக்குத்தான் நான் தரையில் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். என் காதில் விழுந்தது முதல் செய்தி மட்டும்தான்.

உடனே மனைவியை ஸ்வீட் வாங்கி வரச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் நல்லது எது நடந்தாலும் தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தாக வேண்டும். புது வண்டி வந்தாலும் கொடுப்போம், கேஸில் ஜெயித்தாலும் கொடுப்போம். அவள் தயங்கினாள். "இங்க வேணாம்யா. வூட்டுக்குப் போய் குடுத்துக்கலாம்" என்றாள். காசுக்குப் பார்க்கிறாள் என்று நினைத்து, உனக்கு என் மானம் பெரிதில்லையா என்று அவளை எல்லோர் முன்னாலும் கேட்டேன். போய் லட்டு வாங்கி வந்தாள். ஆனால் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, வார்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

நான் கட்டில் கட்டிலாகப் போனேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன், கடைசியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "ரிசல்ட்டு வந்துட்ச்சி. அந்தக் கருமாந்திரம் எதுவும் எனக்குக் கெடையாது. நான் சுத்தம்." சிலர் கைதட்டினார்கள். சிலர் லட்டை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

அவரிடம் கடைசியாக வந்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். லட்டை அவர் கையில் வைத்தேன். விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"ஒரு கண்ணு தப்பிச்சிச்சி பாரு, அத்துக்கோசரம் துன்றேன் நைனா" என்றார். ஒரு துணுக்கைக்கூடக் கீழே விடாமல் தின்றார்.

வெளியே வந்தேன். குழாயடியில் என் மனைவி டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். நிமிராமலே சொன்னாள். அவருக்கு அந்த வியாதிதான். அதனால்தான் கண்ணுக்குள் வேறொரு வைரஸ் புகுந்து தின்கிறது, அதைத் தள்ளிப்போடத்தான் அந்த ஊசி. ஒருநாள் நான் தூங்கும்போது அவருடைய டம்ளரை அவள் கழுவ எடுத்திருக்கிறாள். வேண்டாம் என்று தடுத்து அவரே சொல்லியிருக்கிறார். கழுவினால் ஒன்றும் ஒட்டாதாம், டாக்டரே சொல்லிவிட்டாராம், இருந்தாலும் தெரியாமல் நீ எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். நான் ஏற்கெனவே பயந்து கிடக்கிறேனாம், பக்கத்துக் கட்டிலிலேயே ஒருத்தன் என்று தெரிந்தால் மருந்தை விட்டுவிட்டு ஓடிவிடுவேனாம்.

"நீ இன்னிக்கு ஆடுன ஆட்டத்தப் பாத்தா, அவர் ஒன்னப் பத்திச் சொன்னது சரியாத்தான் போச்சு" என்றாள்.

வியாதி இல்லை என்று ஊரைக் கூட்டி லட்டு கொடுத்தவன், அந்தக் குழாயடியில் நிற்க இடமில்லாமல் நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நான் பேசிய ஒவ்வொரு பேச்சும் திரும்பி வந்தது. ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்றது, கருமாந்திரம் என்றது, சுத்தம் என்றது. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன என்று கேட்பது? கேட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். அப்படியே இருட்டுகிற வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை சொன்னதைக்கூட, தெரியாமல் பேசிவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். அடுத்து நடந்ததற்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

நான் உள்ளே போனபோது அவர் வழக்கம்போல் கட்டிலைவிட்டு இறங்கி நின்றார். வழக்கம்போல் கையை நீட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கை எழவில்லை. ஒட்டாது என்று மனைவி சொல்லிவிட்டாள், டாக்டர் சொன்னதாகவே சொன்னாள், எனக்குப் புரிந்தும் இருந்தது. ஆனாலும் கை எழவில்லை. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். பிறகு நீட்டினேன். அதற்குள் அவர் கையை இறக்கிக் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். கண் தெரியாதவருக்கு அந்த ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

"பரவால்ல நைனா. போற வயிதான் தெரிஞ்சிட்ச்சே" என்றார்.

கட்டில் கட்டிலாகத் தொட்டுக்கொண்டு தனியாகவே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பாத்ரூம் வாசலில் நின்றேன். வெளியே வந்ததும் முழங்கையைப் பிடித்தேன். உதறவில்லை, பிடிக்கவிட்டார். ஒன்றரைக் கண் கிண்டல் மட்டும் வரவில்லை. அதன்பிறகும் தினமும் அழைத்துப்போனேன், அதன்பிறகும் தண்ணி குட்ச்சியா என்று கேட்டார். ஆனால் நான் வந்து முழங்கையைத் தொடுகிற வரைக்கும் காத்திருப்பார். அவராகக் கையை நீட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். டிஸ்சார்ஜ் ஆகிற காலையில், தெரியாமல் பேசிட்டேன் அண்ணே என்று ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டிப் பார்க்காதே என்று கிண்டல் செய்து அனுப்பிவிட்டார்.

மாத்திரையை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருந்தது. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அந்த வார்டை எட்டிப் பார்ப்பேன். முதல் தடவை வேறு யாரோ படுத்திருந்தார். ஊசிக்கு வருவதை நிறுத்திவிட்டார், ஏன் என்று தெரியவில்லை என்றார் சிஸ்டர். காசிமேட்டில் விசாரித்தேன். மூட்டை தூக்குகிறவர், கண் தெரியாதவர் என்று மட்டும் சொல்லி ஒரு மனிதரைத் தேட முடியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. சில வருஷம் கழித்து அந்த வியாதிக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக மாத்திரை தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வலது கண்ணின் திரை பிய்ந்து, பார்வை முழுக்கப் போய்விட்டது. இப்போது ஒரு குடோனில் வேலை. ரோட்டைக் கடக்கும்போது கழுத்தை முழுக்க வலப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா பழக்கிவிட்டார். மீன்பாடி வண்டி எதுவும் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன். பெரும்பாலும் ரோடு காலியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்தப் பக்கத்தில் ஒரு கை என்னை நம்பி நீண்டிருக்கிறது, என் கை இன்னும் எழாமல் கிடக்கிறது.